உங்களுக்குத் தெரியுமா? உலுக்கினால் விழாத ஊசல்!

தலைகீழாக நிறுத்திய ஊசல் சட்டென்று சாய்ந்துவிடும். ஆனால் அதன் அடிமுனையை மேலும் கீழும் அதிவேகமாக உலுக்கினால், விழாமல் செங்குத்தாக நிற்கும்! லேசாகத் தட்டிவிட்டாலும் ஆடி ஆடி மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

• எவ்வளவு வேகம்? நுனியில் குண்டு பொருத்திய 20 செ.மீ. மெல்லிய கம்பி என்றால், அடிமுனை நடுநிலையிலிருந்து 1 செ.மீ. ஏறி இறங்க வேண்டும். அதுவும் நொடிக்குச் சுமார் 32 முறைக்கு மேல்.

• 1908-இல் ஆண்ட்ரூ ஸ்டீபன்சன் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1951-இல் ரஷ்ய இயற்பியலாளர் பியோதர் கபிட்ஸா தெளிவாக விளக்கினார். இன்று அதன் பெயரே ‘கபிட்ஸா ஊசல்’.

• 1993-இல் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்த மூன்று ஊசல்களையும் பிரிட்டனில் இப்படி நிற்க வைத்தார்கள்.

• மின்புலத்தை வேகமாக மாற்றி அயனிகளைச் சிறைப்பிடிக்கும் ‘பால் பொறி’யும் இதே தத்துவம்தான். அதற்கு 1989-இல் நோபல் பரிசு!