சூட்டுக்கு ஒரு காவல்காரர்!

குட்டீஸ்! கோவில்பட்டி பக்கம் போனால், கடம்பூர் போளி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். போளி போடுகிறவரைச் சற்று நேரம் கவனியுங்கள். கல்லில் சூடு ஏறினால் போளி கருகும். குறைந்தால் சரியாக வேகாது. அதனால் அவர் கண் எப்போதும் கல்லின் மீதே இருக்கும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவரும் இப்படித்தான். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்.

தொழிற்சாலையில் இருக்கும் பெரிய உலையையும், குளிரூட்டும் இயந்திரத்தையும் இரவு பகலாக இப்படி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா? அதற்குத்தான் 'தெர்மோஸ்டாட்' என்ற காவல்காரர் இருக்கிறார்.

இவர் உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இருக்கிறார்! இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த சிறிய தகடு அது. சூடு ஏறும்போது ஓர் உலோகம் அதிகமாக நீளும். மற்றது குறைவாக நீளும். உடனே தகடு வளையும், மின்சாரம் நின்றுவிடும். ஆறியதும் தகடு நிமிரும். மின்சாரம் மீண்டும் பாயும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ யூர் 1830ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பெரிய ஆலைகளில் இந்த வேலையை மின்னணுக் கருவிகள் செய்கின்றன.

காவல்காரரைத் தூங்க வைத்தால் என்ன ஆகும்? 1984 டிசம்பர் 2ம் தேதி இரவு, போபால் நகரில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் பெரும் விபத்து நடந்தது. அங்கே 'மீதைல் ஐசோசயனேட்' என்ற நச்சுத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். ஆனால், குளிரூட்டும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும் சூடு கடகடவென ஏறியது. நச்சுவாயு வெளியேறி, ஆயிரக்கணக்கான மக்கள் உயிரிழந்தனர்.

அதனால்தான் இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவர்களுக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். 'வேலை நடக்கிறது, சுவிட்சைப் போடாதே' என்று அட்டையும் தொங்கவிடுவார்கள். வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது அல்லவா? இயந்திரம் ஆறும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். எச்சரிக்கை மணி அடித்தால், 'சும்மாதான் அடிக்கிறது' என்று அதை நிறுத்திவிட மாட்டார்கள், காரணத்தைத் தேடுவார்கள்.

நீங்களும் இதைப் பழகலாம். இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மீறிச் சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ அதைத் தொடாதீர்கள். உடனே அப்பா, அம்மாவைக் கூப்பிட்டு சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகுதான் பழுது பார்க்க எடுத்துப் போக வேண்டும் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

சூடு நமக்கு நல்ல வேலைக்காரன்தான். ஆனால், அவனுக்கு ஒரு காவல்காரர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். சரிதானே குட்டீஸ்?