பணத்திற்குப் பெயர் வேண்டுமா?



உங்கள் சட்டைப்பையில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருக்குமாயின் அதனை எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் பாங்கு ஆளுநரின் கையொப்பம் இருக்கிறது. வரிசை எண் இருக்கிறது. தொகை பல மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதனை வைத்திருப்பவரின் பெயர் எங்கும் இல்லை. நேற்று அது யாரிடம் இருந்தது, எதற்காகக் கைமாறியது என்பதை நோட்டு சொல்வதில்லை. அது கள்ள நோட்டன்று என்று கண்டால் கடைக்காரருக்குப் போதும். உங்களை அவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை.

கைப்பேசியின் வாயிலாக நாம் நாள்தோறும் செலுத்தும் பணமோ வேறு வகையானது. அது நம் பாங்குக் கணக்கிலுள்ள பணம். ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு மாறுகிறது. பாங்கின் பேரேட்டில் ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரு பெயர் உண்டு. டிஜிட்டல் ரூபாய் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. ரிசர்வ் பாங்கே நேரில் பொறுப்பேற்று வெளியிடுவதால் அது நோட்டுக்கு ஒப்பானது. கணினியில் பதிவாவதால் பேரேட்டுக்கு ஒப்பானது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் பாங்குச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, நோட்டு என்னும் சொல் டிஜிட்டல் வடிவத்தையும் குறிக்கலாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் மும்பை, புது தில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கியது. அன்று முதல் ஒரு வினாவும் நம் முன் நிற்கிறது. இப்புதிய பணம் நோட்டைப் போலப் பெயரின்றி வழங்க வேண்டுமா, பேரேட்டைப் போலப் பெயருடன் வழங்க வேண்டுமா?

பெயர் கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு கோடி ரூபாயை ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக எண்ணினால் இருபதாயிரம் நோட்டுகள். நூறு நூறாகக் கட்டினால் இருநூறு கட்டுகள். அவற்றைச் சுமக்கப் பெட்டி வேண்டும், வைக்க இடம் வேண்டும், காவல் வேண்டும். கையூட்டு வாங்குவோருக்கும் கடத்தல்காரருக்கும் இச்சுமையே ஒரு தடை. கணினிப் பணத்திற்கு எடை இல்லை. எத்தனை கோடியும் ஒரு நொடியில் ஊர் கடந்துவிடும். ஆதலின் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட எந்த அரசாங்கத்தாலும் இயலாது. நம் நாட்டிலும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டுமென்று 2002ஆம் ஆண்டின் கறுப்புப் பண மாற்றுத் தடுப்புச் சட்டம் பாங்குகளைப் பணிக்கிறது.

ஆயினும் மறைவு வேண்டுவோர் அனைவரும் குற்றவாளிகள் அல்லர். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஏழை மாணவர் நிதியிலிருந்து புத்தகத்திற்குப் பணம் அளித்து வந்தோம். தணிக்கைக்காகப் பெயரும் கையொப்பமும் வாங்கினோம், அது முறையே. ஒழுங்கு கருதி அப்பட்டியலை அறிவிப்புப் பலகையிலும் நான் ஒட்டச் செய்தேன். மறு ஆண்டு, உதவி மிகவும் தேவைப்பட்ட மாணவன் ஒருவன் விண்ணப்பிக்கவே இல்லை. அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்து நின்றவன், "பலகையை எல்லாரும் பார்த்தாங்க, ஐயா" என்று மட்டும் சொன்னான். பெயரை வாங்குவது ஒன்று, அதனை யார் படிக்கலாம் என்பது வேறொன்று என்பதை அன்று நான் அவனிடம் கற்றேன். மருந்துக்கடை, வழக்கறிஞர், புத்தகக்கடை என நாம் பணம் கொடுக்கும் இடங்களை வரிசையாக எழுதினால் அது நம் வாழ்க்கை வரலாறாகவே ஆகிவிடுமன்றோ?

இதற்கு வழி கண்ட நாடு ஒன்றைப் பார்ப்போம். அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 700 தீவுகளைக் கொண்ட பஹாமாஸ் நாடு, 2020 அக்டோபரில் 'சாண்ட் டாலர்' என்னும் டிஜிட்டல் பணத்தை நாடெங்கும் வெளியிட்டது. சிறு தீவுகளில் பாங்குக் கிளைகள் அரிது. உரிய சான்றுகள் இன்மையால் கணக்குத் தொடங்க இயலாதவரும் உண்டு. ஆதலின் பணப்பைகளைப் படிப்படியாக வகுத்தார்கள். முதற்படிக்கு அரசாங்க அடையாளச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் 500 டாலருக்கு மேல் வைத்திருக்கவும், மாதத்தில் 1,500 டாலருக்கு மேல் கைமாற்றவும் கூடாது என்று வரம்பிட்டார்கள். பெருந்தொகை வேண்டுவோர் சான்று காட்டி அடுத்த படிக்குச் செல்லலாம். முதற்படியிலும் கணக்குப் பதிவு இருக்கத்தான் செய்கிறது. எனவே அது நோட்டுக்கு முற்றிலும் நிகரன்று. எனினும் தொகைக்கு ஏற்ற கேள்வி என்னும் நெறி அங்கே இருக்கிறது.

கணக்கியலிலும் ஒரு வழி உண்டு. டேவிட் சாம் என்னும் அமெரிக்க அறிஞர் 1982இல் 'குருட்டுக் கையொப்பம்' என்னும் முறையைக் கூறினார். ஓர் உறைக்குள் வெற்றுச் சீட்டையும் அதன்மேல் கார்பன் தாளையும் வைத்து ஒட்டிப் பாங்கிடம் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாங்கு உம் கணக்கில் பணத்தைக் கழித்துக்கொண்டு உறையின்மேல் கையொப்பமிடுகிறது. அது உள்ளே சீட்டிலும் பதிகிறது. பிறகு கடைக்காரர் அச்சீட்டைக் கொண்டுவரும்போது, கையொப்பம் தன்னுடையது என்று பாங்கு அறியும். எந்த உறையிலிருந்து வந்த சீட்டு என்று அறியாது. பணம் எடுத்தவர் பெயர் பதிவில் உண்டு. அவர் எங்கே செலவிட்டார் என்பது இல்லை. சாம் நிறுவிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்துப் போயிற்று. ஆயினும், பெயரைக் காக்கக் கணினியால் இயலாது என்று சொல்ல இனி இடமில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அதில் அரசாங்கம் தலையிட வேண்டுமாயின் சட்டம் இருக்க வேண்டும். நேரிய நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்நோக்கத்தின் அளவை மீறலாகாது. டிஜிட்டல் ரூபாயில் பெயர் மறைவைச் சட்டத்தாலோ, பதிவுகளை நிலையாக அழிக்கும் தொழில்நுட்பத்தாலோ காக்கலாம் என்று 2024இல் ரிசர்வ் பாங்கின் அந்நாளைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் குறிப்பிட்டார். எனினும் வாய்மொழி ஆட்கள் மாறினால் மாறக்கூடும். சட்டத்தில் எழுதியதை மாற்ற நாடாளுமன்றத்தின் முன் வரவேண்டும்.

ஆகவே, புதியதொரு பணம் உங்கள் பெயரைக் கேட்குமாயின் வாளா கொடுத்துவிடவும் வேண்டாம், வீணே சினந்து மறுக்கவும் வேண்டாம். எத்தனை ரூபாய்க்காக இக்கேள்வி? விடையைப் படிப்பவர் யார்? எத்தனை நாள் வைத்திருப்பார்? இம்மூன்றையும் கேளுங்கள். வாக்குரிமை பெறும் வயதில் இருக்கும் நீங்கள் கேட்காவிட்டால், பட்டியல் பலகைக்கு ஏறிய பிறகு கேட்பதில் பயனில்லை.