வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி

ஓசூர், சூளகிரி, தளி, கெலமங்கலம் வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு, கன்னடம் அல்லது உருது. சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. இங்கே ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால், மொழி புதிதா, கற்றல் குறைபாடா என்பதே முதலில் கேட்க வேண்டியது. இதில் தவறினால் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் இழப்பு.

தெலுங்கிலும் கன்னடத்திலும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே ‘க’, ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் வெவ்வேறாக ஒலிக்கும். ‘ழ’ இன்றைய தெலுங்கு, கன்னடத்தில் இல்லை. ஆகவே ‘பழம்’ ‘பளம்’ ஆவதைக் குறைபாடாகக் கொள்ளக் கூடாது. வீட்டு மொழியில் சரளமாகக் கதை சொல்வதால் மட்டும் குறைபாடில்லை என்றும் முடிவுகட்ட முடியாது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் நன்றாகப் பேசக்கூடும். வீட்டு மொழிச் சொல்லையே ஒலி ஒலியாகப் பிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதிலும் தடுமாறி, சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றம் தெரியாவிட்டால் முறையான மதிப்பீடு தேவை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்களும் மருத்துவ முகாம்களும் இதற்குத் துணை. முகாமுக்கு வர ஒரு நாள் கூலியை விடும் தாய்க்கு, தேதியும் கொண்டுவர வேண்டிய ஆவணங்களும் அவர் மொழியில் முன்கூட்டியே தெரிய வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் நழுவுவது இந்த இடத்தில்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) நாடு முழுதும் செல்லும் என்பதால், வேலை தேடிக் கர்நாடகத்துக்குப் போகும் குடும்பத்துக்கு அது மிக அவசியம்.

வகுப்பறை மாற்றங்களுக்குப் பெரிய செலவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறும் பிள்ளைக்கு அதே பாடத்தைத் தாளில் எழுதி மேசையில் வைக்கலாம்; வாசிக்கும் வரிக்குக் கீழே ஓர் அட்டைத் துண்டு. காதொலிக் கருவி அணிந்த பிள்ளைக்கு, ஆசிரியர் பலகை பக்கம் திரும்பிப் பேசும் நேரமெல்லாம் பாடம் போய்விடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய பாடவேளைகளைப் படங்களாக ஒட்டி, மணி அடிக்கும் முன்பே சொல்லிவைத்தால் பதற்றம் குறையும்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்குவது நல்லது. பள்ளித் தேர்வுகளிலேயே இன்னொருவரிடம் சொல்லி எழுதவைத்துப் பழக்குவதும் முக்கியம்; தெலுங்கு வாடையுள்ள உச்சரிப்பு புரியாதவர் அருகில் உட்கார்ந்தால் தெரிந்த விடையும் தாளில் ஏறாது.