கடை பிடித்துக் கொடுக்க ரெரா பதிவு வேண்டுமா?

மே 31 நெருங்குகிறது. அன்று பணி ஓய்வு பெறும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: கடை, குடோன் பிடித்துக் கொடுக்கும் தரகில் இறங்க, அறுபது வயதில் ரெரா பதிவு கிடைக்குமா?

கிடைக்கும். ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உச்ச வயது எதையும் வைக்கவில்லை. ஆனால் வாடகைத் தரகுக்கு அந்தப் பதிவே தேவையில்லை.

சட்டத்தின் 9-வது பிரிவை நிதானமாகப் படியுங்கள். ரெராவில் பதிவான திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனை, கட்டடத்துக்குத் தரகு பார்ப்பவர்தான் பதிவு செய்ய வேண்டும். பழைய கட்டடத்தின் மறுவிற்பனை இதில் வராது. வாடகை வரவே வராது. ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டார்கள் என்ற அரசுத் தரப்புப் பேச்சு, புதுத் திட்டங்களின் விற்பனை வரைக்கும்தான் செல்லும். ராஜபாளையம் தென்காசி சாலையில் ஜவுளிக்கடைக்கு இடம் பிடித்துக் கொடுப்பவரை அந்தச் சட்டம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

புதிதாக வருபவருக்கு இது வசதியாகத் தோன்றலாம். எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் அலைந்து இடம் காட்டிய பிறகு, உரிமையாளரும் கடைக்காரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால், ஒரு மாத வாடகைக் கமிஷனுக்காக ரெராவில் முறையிட முடியாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவும் கைகொடுக்காது: தனி உடன்பாடு இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலை முடியும்வரை ஏஜென்ட் ஊதியம் கேட்க முடியாது. ஆகவே சாவியை வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். எந்தக் கடை, கமிஷன் எவ்வளவு, தருவது யார், நீங்கள் கூட்டி வந்தவர் ஆறு மாதத்துக்குள் நேரடியாகப் பேசி எடுத்தாலும் கமிஷன் உண்டா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். முப்பது வருஷம் மில் கணக்கும் ஆபீஸ் ஃபைலும் பார்த்தவர்களுக்கு இது கைவந்த வேலை. தெரிந்த மனுஷர்தானே என்று வாய்வார்த்தையில் விடும்போதுதான் காசு போகிறது.

இன்னும் சில கேள்விகள், சுருக்கமாக. 11 மாத அக்ரிமென்ட்டைப் பதிய வேண்டாமா? வேண்டும், 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும்.

கோயில் கடைகள்? தரகில் தொடாதீர்கள், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை, அறநிலையத் துறை ஆணையர் அனுமதியின்றிச் செல்லாது.

ஜிஎஸ்டி? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்.

இடத்தில் முதலில் எதைப் பார்ப்பது? மின் இணைப்பை. வீட்டு டாரிஃபில் கடை நடத்தினால் அபராதக் கணக்கு வரும்.