லட்சம் லிட்டரில் ஒரு கிராம்

உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளரைத் துருப்பிடிக்காமல் காப்பது எது? அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கலந்துள்ள குரோமியம்தான். அத்தம்ளரில் நீர் அருந்த நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே தனிமம் குடிநீரில் கரைந்திருந்தால், எந்த உருவில் கரைந்திருக்கிறது என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வியைச் சட்டத்தில் ஏற்ற அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

நீரில் குரோமியம் இரு உருவங்களில் காணப்படுகிறது. இணைதிறன் மூன்றாக உள்ளது குரோமியம்-3. ஆறாக உள்ளது குரோமியம்-6. முதலாவது உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது. இரண்டாவதோ நான்கு ஆக்சிஜன் அணுக்களுடன் சேர்ந்து குரோமேட் அயனியாகத் திரிகிறது. இவ்வயனி வடிவிலும் மின்னூட்டத்திலும் சல்பேட் அயனியைப் போன்றது. சல்பேட் உயிரணுவுக்குத் தேவையானது. அதற்கென்று தனி வழி உண்டு. ஆள்மாறாட்டம் செய்து குரோமேட்டும் அவ்வழியே புகுந்துவிடுகிறது, புகுந்து டி.என்.ஏ.யைச் சிதைக்கிறது. 2008-இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட ஆய்வில், குரோமியம்-6 மிகுதியாகக் கலந்த நீரை இரண்டாண்டுகள் குடித்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் தோன்றின.

கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் ஹிங்க்லி என்றொரு சிற்றூர். அங்கே பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 1952 முதல் 1966 வரை, குளிர்விப்புக் கோபுரங்களில் துருவைத் தடுக்கக் குரோமியம்-6 பயன்படுத்தியது. கழிவுநீரைத் தளம் பூசாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் கலந்தது. 1996-இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் ஆலைகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சிலவகைப் பாறைகளிலுள்ள குரோமியம்-3ஐ மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு குரோமியம்-6 ஆக மாற்றிவிடும். ஆலையே இல்லாத ஊர்க் கிணற்றிலும் அது இருக்கலாம்.

அம்மாநிலத்தின் பழைய விதி மொத்தக் குரோமியத்துக்கு மட்டுமே வரம்பிட்டது: லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரமும் 0.05 மில்லிகிராம் என்று மொத்தமாகவே சொல்கிறது. பிரித்து வரம்பிட வேண்டுமானால் முதலில் பிரித்து அளக்க வேண்டுமல்லவா? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. அயனிகளைப் பிரிக்கும் குழலில் நீரைச் செலுத்தினால் குரோமேட் தனியே வெளிவரும். அதனுடன் டைபினைல் கார்பசைடு சேர்ந்ததும் சிவப்பு கலந்த ஊதா நிறம் தோன்றும். அந்நிறம் 530 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு குரோமியம்-6 என்று கணக்கிடலாம்.

தனி வரம்பு வகுக்குமாறு 2001-இலேயே மாநிலச் சட்டமன்றம் பணித்தது. 2011-இல் உடல்நல இலக்கு அறிவிக்கப்பட்டது: லிட்டருக்கு 0.02 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுதும் அந்நீரைக் குடிக்கும் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது அதன் பொருள். ஆனால் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வரம்பு 10 மைக்ரோகிராம்! இலக்கைப்போல் 500 மடங்கு. நீங்களே வகுத்துப் பாருங்கள்: 2,000 பேருக்கு ஒருவர். அந்தப் பத்தும் லட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம்தான். அதற்கும் கீழே இறக்கச் செலவு ஏறிக்கொண்டே போகும். செலவைச் சரியாக ஆராயவில்லை என்று கூறி 2017 மே மாதம் நீதிமன்றம் அவ்வரம்பையே நீக்கியது. மீண்டும் பழைய 50.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில் அதே 10 திரும்ப ஏற்கப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இம்முறை ஆய்வகங்கள் 0.1 மைக்ரோகிராம் வரை அளந்து அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். எனது நோக்கில் வரம்பைவிட இதுவே பெரிய முன்னேற்றம். ஆயினும் இலக்கான 0.02 அதற்கும் ஐந்து மடங்கு கீழே நிற்பதைக் கவனியுங்கள்.

நீரை வரம்புக்குள் கொண்டுவரப் பத்தாயிரத்துக்கு மேல் குடிநீர் இணைப்புள்ள ஊர்களுக்கு இரண்டு ஆண்டு தவணை. ஆயிரத்துக்கும் குறைவான இணைப்புள்ள சிற்றூர்களுக்கு நான்கு ஆண்டு; வடிகட்டும் செலவைப் பங்கிட்டுக்கொள்ள அங்கே வீடுகள் குறைவு.