‘ம்’ கொட்ட இடம் விடும் குரல்

*ஒலிப்புத்தகம் எடுக்கும்போது எழுதியவர் பெயரைப் பார்க்கிறோம். வாசித்தவர் பெயரைப் பார்க்கிறோமா?*

தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றுகிற வீடு எதற்குள் போனாலும் மடியில் ஒரு சுளகு இருக்கும். அதில் வெட்டிய இலை, தூள், நூல். விரல்கள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கும் கைக்கும் வேலை உண்டு, காதுக்கு இல்லை. அந்தக் காதை ஒரு காலத்தில் வானொலி பிடித்து வைத்திருந்தது. பிறகு டி.வி. வந்தது. திரையைப் பார்க்காமலே சீரியல் முழுக்கக் கேட்டு முடித்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். இப்போது அந்த இடத்தில் செல்போன்.

வாசுதேவநல்லூரில் பீடி சுற்றுகிறவர்களுக்கு மட்டுமா இப்படி? எலுமிச்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர், மதுரைச் சாலையில் ராத்திரி லோடு ஓட்டுகிறவர், சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகிற பிள்ளைகள் என்று எல்லோருக்கும் இதே நிலைமைதான். புத்தகத்தை விரித்து உட்கார நேரம் கிடையாது, கேட்க நேரம் உண்டு. இவர்களுக்காகவே வந்தது மாதிரி இருக்கிறது ஒலிப்புத்தகம். ஆனால் கேட்டுப் பார்த்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: “நல்ல புத்தகம்னுதான் போட்டேன். பத்து நிமிஷத்துல சலிச்சுப் போச்சு.”

பெரும்பாலும் புத்தகத்தின் மேல் குற்றம் இருப்பதில்லை. வாசித்த குரல்தான் காரணம்.

வாசகரைத் தேர்ந்தெடுத்த தொழிலாளிகள்

கை வேலை செய்துகொண்டே கதை கேட்பது புதிய பழக்கம் அல்ல. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865லேயே இது தொடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். மாண்டிகிறிஸ்டோ, ரோமியோ ஜூலியட் என்று சுருட்டுகளுக்குப் பெயர் வந்ததற்கும் இந்த வாசிப்புக்கும் தொடர்பு உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூரிலும் இதே கதைதான். பீடித் தொழிலாளிகளில் ஒருவர் செய்தித்தாள் வாசிப்பார். அவர் வாசிக்கிற நேரத்துக்கு உண்டான பீடியை மற்றவர்கள் சுற்றி அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கியூபாவில் வாசகர் வேலைக்கு வருகிறவர் முதலில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்ட வேண்டும். தொழிலாளிகள் கேட்டுவிட்டு, வேண்டும் வேண்டாம் என்று ஓட்டுப் போடுவார்கள். அட்டைப் படத்தையும் நட்சத்திரக் குறியையும் பார்த்து ஆடியோ புக் எடுக்கிற நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

கொடையில் கிடைக்கும் பாடம்

நல்ல குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அதற்கான பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

வில்லுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். நடுவில் மணிகள் கட்டிய நீண்ட வில். அதை வீசுகோலால் தட்டியபடி கதை சொல்பவர். சுற்றிலும் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பின்பாட்டுக்காரர் “ஆமா” என்பார். அடுத்த வரி, மறுபடி “ஆமா”. சில இடத்தில் “அப்படியா!” என்று வியப்பார். கூட்டத்தின் சார்பில் அவர் கேட்கிறார். கதைக்குள் நாம் நுழைவதற்கான வாசல் அந்த ஒரு ‘ஆமா’வில் இருக்கிறது. சத்திரப்புதுக்குளத்தில் பிறந்து, இந்தக் கலையை வானொலிக்கும் சென்னை மேடைகளுக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய நிகழ்ச்சிப் பதிவுகளைக் கேட்டால், எங்கே பேச வேண்டும் என்பதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் எவ்வளவு பெரிய வித்தை என்று புரியும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். “ஏலே, ம் கொட்டு. கொட்டாட்டி கதைய நிப்பாட்டிருவேன்” என்று மிரட்டாத ஆச்சி யார்? பேரன் தூங்கிவிட்டானா என்று தெரிந்துகொள்ள மட்டும் அவள் அப்படிக் கேட்கவில்லை. அந்த ‘ம்’ வருகிற வேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியை இழுப்பாள் அல்லது சுருக்குவாள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ‘ம்’ கொட்ட ஆள் இல்லை. அவரே மனசுக்குள் ஒரு கேட்பவரை உட்கார்த்தி வைத்து, அவருக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டும். நல்ல குரலும் சாதாரணக் குரலும் பிரிகிற இடம் இதுதான்.

ஓர் உதாரணம். ‘கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை.’ இந்த இரண்டு வாக்கியத்தை ஒருவர் ஒரே மூச்சில் வாசிக்கிறார். ‘யாரும் இல்லை’யில் குரலை நடுங்க விடுகிறார். பின்னணியில் ‘திடும்’ என்று ஓர் இசை வேறு. பயப்பட வேண்டிய வேலையை அவரே செய்து முடித்துவிட்டார். நமக்கு மிச்சம் ஒன்றுமில்லை. இன்னொருவர் ‘திறந்தான்’ என்றதும் ஒரு கணம் நிறுத்துகிறார். பிறகு, சாதாரணமாகச் செய்தி சொல்வது போல, ‘உள்ளே யாரும் இல்லை’ என்கிறார். அந்த ஒரு கணத்தில் அறைக்குள் நாம் போய் எட்டிப் பார்த்துவிட்டோம். இரண்டாமவரை நம்பிப் பத்து மணி நேரப் புத்தகத்தை ஒப்படைக்கலாம்.

நாடகமா, தனிக்குரலா?

தமிழ்க் காதுக்கு நாடகப் பழக்கம் அதிகம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) படங்களின் கதை வசனத் தட்டுகள் கல்யாண வீட்டிலும் கோவில் விழாவிலும் குழாய் ரேடியோவில் முழங்கி, வசனம் ஊருக்கே மனப்பாடம் ஆனது. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் ஒரு குரல் கதை சொல்ல, நடுநடுவே சினிமாப் பாட்டு வரும். தென்மாவட்டங்களில் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்ட வானொலி அது.

அந்த ருசிக்கு ஏற்ற ஒலிப்புத்தகம் ‘பொன்னியின் செல்வன்’. கல்கி 1950இலிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதியது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தாலே எழுபது மணி நேரத்தைத் தாண்டும். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க எழுதிய கதை என்பதால், அத்தியாய முடிவுதோறும் ஒரு முடிச்சு இருக்கும். பாத்திரங்களும் அதிகம், பேச்சும் அதிகம். பாம்பே கண்ணன் பல நடிகர்களின் குரலோடு இசையும் சேர்த்து இதை ஒலிப்புத்தகமாக்கியது பொருத்தமான முடிவு. வந்தியத்தேவன் குரலும் ஆழ்வார்க்கடியான் குரலும் தனித்தனியாக ஒலித்தால் கேட்பவருக்குக் குழப்பம் இல்லை.

புதுமைப்பித்தனுக்கு இது ஒத்துவராது. அவர் கதையில் பாத்திரங்கள் பேசுவதைவிட, பக்கத்தில் நின்று குத்தலாக ஒரு வார்த்தை போடுகிற ஆசிரியர் குரல்தான் உயிர். ஐந்து பேர் சேர்ந்து நடித்தால் அந்தக் குரல் காணாமல் போய்விடும். வண்ணதாசனுக்கும் தனிக்குரல்தான், அதுவும் அவசரப்படாத குரல்.

தனிக்குரல் என்றால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேஷம் கட்ட வேண்டும் என்பதில்லை. ஹாரி பாட்டர் வரிசையின் ஒரே புத்தகத்துக்கு 134 விதமான குரல் கொடுத்துக் கின்னஸில் இடம்பிடித்தார் ஜிம் டேல். அது அசாத்தியத் திறமை. நம் கதைகளுக்குக் கிழவிக்குக் கொஞ்சம் நிதானம், பையனுக்குக் கொஞ்சம் அவசரம், அவ்வளவு வித்தியாசம் போதும். பெண் பாத்திரம் பேசும்போதெல்லாம் ஆண் வாசகர் கீச்சுக்குரலுக்கு மாறினால் உடனே அடுத்த புத்தகத்துக்குப் போய்விடலாம்.

வாசிப்பும் கதைசொல்லலும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். திருவண்ணாமலை பவா செல்லதுரை ஒரு சிறுகதையைச் சொல்லும்போது அது அவர் மொழியில் மறுபிறவி எடுக்கிறது. கேட்க அருமையாக இருக்கும். எழுத்தாளரின் வாக்கியம் வேண்டும் என்றால் வாசிப்பைத்தான் தேட வேண்டும்.

இடைசெவல் பேச்சு, தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு

தமிழில் வாசிப்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல். விவரணை எழுத்துத் தமிழில் இருக்கும், உரையாடல் ஊர்ப் பேச்சில் இருக்கும். ஒரே பக்கத்தில் பத்துத் தடவை இங்கும் அங்கும் தாவ வேண்டும்.

நம்மைச் சுற்றிலும் உள்ள எழுத்தாளர்களையே எடுத்துக்கொள்வோம். இடைசெவல் கி.ராஜநாராயணனின் கரிசல் பேச்சு ஒரு விதம். பூமணியின் ‘வெக்கை’யில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வது அதே மண்ணின் இன்னொரு விதம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நெய்தல் பேச்சு. தோப்பில் முஹம்மது மீரானுடையது தேங்காய்ப்பட்டணத்து இஸ்லாமியத் தமிழ். இவை எல்லாவற்றையும் ஒரே ‘சினிமா கிராமத்து’ ராகத்தில் இழுக்கிற வாசகர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர் என்றாலும் ‘ஏலேய்’ என்று கத்திவிட்டால் வட்டார வழக்கு வந்துவிட்டதாக நினைப்பு. கி.ரா. கதைசொல்லியாகவே வாழ்ந்து 2021 மே மாதம் மறைந்தவர். அவர் எழுத்தே பேச்சைப் போல ஓடும். அதன் மேல் இன்னொரு ராகத்தை ஏற்றினால் கதைக்குப் பாரம்.

ஊர்ப் பேச்சு வராத வாசகர் நேர்மையாக, தன் இயல்பில் வாசித்தால்கூடக் கேட்கலாம். போலி செய்தால்தான் காது கூசும். இப்போது பரவிவரும் கணினிக் குரல்களும் திணறுவது இங்கேதான். உச்சரிப்பு ஓரளவு சரியாக வந்தாலும் ‘சரி’ என்ற ஒரே பதிலில் இருக்கிற கோபத்தையும் சம்மதத்தையும் பிரித்துச் சொல்ல அவற்றுக்கு இன்னும் வரவில்லை.

எடுக்கும்முன் காதில் போட்டுப் பாருங்கள்

*நடுவிலிருந்து கேளுங்கள்.* ஆடிபிள், ஸ்டோரிடெல், குகு எஃப்எம், யூடியூப் என்று எங்கே கேட்டாலும் தொடக்கம் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் முதல் பக்கத்தைக் கவனமாக வாசிப்பார்கள். முடிந்தால் நடுவில் உரையாடல் வரும் பகுதிக்குப் போங்கள்.

*வேலை செய்துகொண்டே கேளுங்கள்.* அறையில் சும்மா உட்கார்ந்து கேட்கும்போது இனிக்கிற மெல்லிய குரல், பஸ் இரைச்சலில் ஒன்றுமில்லாமல் போகலாம். நீங்கள் கேட்கப்போகிற இடத்தில் வைத்தே சோதியுங்கள்.

*முழுமையானதா, சுருக்கமா என்று பாருங்கள்.* முந்நூறு பக்க நாவல் ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்றால் அது கதைச் சுருக்கம்.

*ஒரே புத்தகத்துக்குப் பல குரல் இருந்தால் ஒப்பிடுங்கள்.* கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதியலாம் என்பதால் ஒரு கதைக்குப் பல பதிவுகள் கிடைக்கும். ஒரே கதையை இரண்டு பேர் வாசிக்கக் கேட்டால் உங்கள் காதின் விருப்பம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

*வேகத்தைக் கூட்டிப் பாருங்கள்.* இழுத்து வாசிப்பவரைக் கால் மடங்கு வேகமாக்கினால் சில சமயம் சரியாகிவிடும். பார்வையற்ற நண்பர்களைக் கேளுங்கள். இரட்டை வேகத்தில்கூட அவர்கள் சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். ஒலிப்புத்தகமே 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றவர்களுக்காக இசைத்தட்டில் பிறந்ததுதான். அவர்களுக்காகப் புத்தகங்களை மாற்று வடிவில் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. நல்ல வாசிப்பு எது என்று அறிய அவர்களைவிடத் தேர்ந்த காது கிடையாது.

கடைசியாக ஒன்று. பிடித்த வாசகர் கிடைத்துவிட்டால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர் வாசித்த மற்ற புத்தகங்களைத் தேடுங்கள். கேள்விப்படாத எழுத்தாளர்கள் அப்படித்தான் வந்து சேர்வார்கள். எத்தனையோ பதிவுகளில் எழுத்தாளர் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மணிக்கணக்காகத் தொண்டை வறள வாசித்தவர் பெயர் மட்டும் இல்லை. கருத்துப் பகுதியில் ‘சூப்பர்’ என்று போடுகிற நேரத்தில், ‘வாசித்தது யார்?’ என்று ஒரு வரி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த புத்தகத்தில் பெயர் வரும். பெயர் வந்தால், அந்தப் பெயரைக் காப்பாற்றவாவது வாசிப்பு மேம்படும்.