வாசகரின் பன்னிரண்டு மாதங்கள்

தமிழ்நாட்டில் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில் அல்ல, சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியில். பபாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம் 1977இல் அண்ணா சாலையின் மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் இதைத் தொடங்கியபோது இருந்தவை 22 அரங்குகள். இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பல நூறு அரங்குகள் நிற்கின்றன. பில்லில் பத்து சதவீதக் கழிவு என்பது எழுதாத சட்டம்போல நிலைத்துவிட்டது. தமிழ்ப் பதிப்புலகின் வேலை நாள்களெல்லாம் இந்தக் காட்சியைக் கணக்கிட்டே ஓடுகின்றன. புதிய நூல்களில் பெரும்பகுதி டிசம்பரிலும் ஜனவரியிலும் அச்சிலிருந்து வந்து குவிகிறது. பிறகு பல மாதங்களுக்கு வரத்து மெலிகிறது.

இதனால்தான் பழகிய வாசகர்கள் இரண்டு முறை போகிறார்கள். முதல் நாள் கையில் பை இருக்காது. விலைப்பட்டியல்களை வாங்கிக்கொண்டு, அரங்கு எண்களைக் குறித்துக்கொண்டு, நின்றபடியே நாலு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். டெல்லி அப்பளமும் தேநீருமாகப் புல்தரையில் உட்கார்ந்து, மாலை மேடையில் நடக்கும் சொற்பொழிவைக் கேட்பதும் அன்றைய நிகழ்ச்சியில் சேர்த்திதான். வாங்குவது இரண்டாம் முறை. முன்பு முதல் பதிப்பு என்றால் 1,200 படி என்பது வழக்கம். இன்று இலக்கிய நூல்கள் பல சில நூறு படிகளோடு நிற்கின்றன. தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் வந்துவிட்டது. ஜனவரியில் கண்ணில் பட்டு, வாங்காமல் விட்ட கவிதைத் தொகுப்பு ஜூன் மாதம் எந்தக் கடையிலும் கிடைக்காமல் போகக்கூடும். ஆகவே தேர்வில் முதலிடம் சிறு பதிப்பகங்களின் நூல்களுக்குத் தரப்படவேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ எப்போதும் கிடைக்கும்.

மாசியும் பங்குனியும் வாங்கியதைப் படித்துத் தீர்க்கும் மாதங்கள். பங்குனியில் கேட்பதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் ஆண்டுதோறும் கம்பன் திருநாளை நடத்துகிறது; கம்பர் அடங்கிய இடமாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு நாள். கம்பராமாயணத்தைத் தனியே திறந்து வைத்துக்கொண்டு மலைக்கிறவர்களால், நல்ல பேச்சாளர் ஒரு படலத்தைப் பிரித்துச் சொல்லக் கேட்டபின் அதே பக்கங்களில் தடையின்றி நடக்க முடிகிறது. வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் வெயில் காலத்தில் நடக்கும் பாரதப் பிரசங்கமும் இந்த வகைதான். பகலில் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார்கள், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். ஏட்டில் படிக்கத் தெரியாதவர்களையும் காவிய வாசகர்களாக்கிய ஏற்பாடு இது.

கோடை நூலகத்தின் பருவம். 1948இல் அன்றைய சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்ற நினைப்பை முதல் விதியாகக் கொண்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால், மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் புறப்பட்டது. சட்டத்தின் பலம் அதன் நிதி ஏற்பாட்டில் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி, இப்போது ரூபாய்க்குப் பத்து காசு வீதம், நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேரவேண்டும். வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் படியேறி உள்ளே போகாதவர்கள்கூடக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை.

கிளை நூலகத்தின் நாள் பெரியவர்களால் தொடங்குகிறது. கதவு திறக்குமுன்பே நாலைந்து பேர் வாசலில் நிற்பார்கள். செய்தித்தாள் பக்கம் பக்கமாகப் பிரிந்து மேசை சுற்றிவரும். பதினோரு மணிக்கு மேல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்களின் ஆட்சி. கதைப் புத்தக வாசகருக்கு உகந்தது பிற்பகல், ஆள் குறைந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் வேளை. சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினரானால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆயிரம் ரூபாய் தந்து புரவலராகச் சேர்கிறவர்களின் பெயர்ப் பலகை அநேகமாக எல்லா நூலகச் சுவரிலும் தொங்குகிறது. சிற்றூர்களில் அந்தப் பலகையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பெயர்கள் நிறைய இருக்கும். பெருநகரவாசிகளுக்கு 1896இல் திறந்த கன்னிமாரா, 2010இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய கூடங்கள் உள்ளன. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளைக்குப் புத்தகப் பழக்கத்தை ஊட்டுவது நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கிளைதான். அதன் கூரை ஒழுகாமல் இருப்பது பெரிய நூலகங்களைப் போலவே முக்கியம்.

கோடைக்கென்றே அமைந்த புத்தகங்களும் உண்டு. குழாய் வறண்ட சென்னைத் தெருவில் குடத்தோடு அலையும் மனிதர்களைச் சொல்லும் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) ஏப்ரலில் படிக்கும்போது உடம்பில் ஏறுகிறது. கரிசல் காட்டுக் கண்மாய் ஒன்றைச் சுற்றி வாழ்ந்த ஊரின் கதையான சோ. தர்மனின் ‘சூல்’, 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, அதற்கு அடுத்து எடுக்கத் தக்கது. நுங்கும் நன்னாரி சர்பத்தும் பக்கத்தில் இருக்க, திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ இவற்றைப் படித்து முடிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இதே கோடை ஒருகாலத்தில் வாடகை நூலகங்களின் அறுவடைக் காலமாக இருந்தது. ஊருக்கு ஒன்றிரண்டு, ஒற்றை அறை, தரையிலிருந்து கூரை வரை அடுக்கு, வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உரிமையாளர். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வாடகை. அங்கே அதிகம் சுற்றியவை துப்பறியும் மாத நாவல்களும், பைண்டு செய்த தொடர்கதைகளும். வார இதழ் வீட்டுக்கு வந்ததும் முதலில் யார் படிப்பது என்று சண்டை நடந்து, பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, வாரம் தவறாமல் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கும் பழக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தது. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் ஓவியங்களோடும், ‘ஆனந்த விகட’னில் கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் கோடுகளோடும் இப்படித்தான் பாதுகாக்கப்பட்டன. பின்னால் வந்த நூல் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் இல்லை. பைண்டுத் தொகுதியில் கதையின் முதுகுப் பக்கத்தில் அக்காலத்து நகைச்சுவைத் துணுக்கு, சோப்பு விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட சமையல் குறிப்பு என்று எல்லாம் இருக்கும். ஓரங்களில் முந்தைய வாசகர்களின் பென்சில் வாக்குவாதமும் இருக்கும். ஒரு தலைமுறையின் ஓய்வுநேரம் முழுவதும் அந்த அட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் முதலில் தொடவேண்டிய ஆவணம் அது.

ஆடி பிறந்தால் காவிரிக் கரை வாசகர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ‘பொன்னியின் செல்வன்’ ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது என்பதால், அந்த நாளில் நாவலை மறுபடி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீராணம் என்று இப்போது அழைக்கப்படும் அந்த ஏரி கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே கிடக்கிறது; சென்னைக்குக் குடிநீர் தருகிறது. சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் குடும்பத்தோடு ஒரு புத்தகமும் போகலாம் என்றால், அது சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யாக இருக்கட்டும். ஆற்றின் போக்கிலேயே பயணம் செய்து, ஊர்களையும் மனிதர்களையும் சங்கீதத்தையும் சாப்பாட்டையும் ஒன்றாகப் பதிந்த பயண நூல் அது. தமிழில் அதற்கு இணையாகச் சொல்லத் தக்கவை மிகக் குறைவு.

ஜூலை முதல் செப்டம்பர் வரை வெளியூர்க் காட்சிகள். நெய்வேலி, கோவை, ஈரோடு, மதுரை என்று வரிசையாக நடக்கின்றன. 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திவரும் ஈரோட்டுத் திருவிழா, சொற்பொழிவு கேட்க மக்கள் திரண்டு வருவதற்குப் பேர்போனது. அரசு ஆதரவுடன் மாவட்டந்தோறும் காட்சி நடக்கத் தொடங்கிய பிறகு, புத்தகம் வாங்கச் சென்னைக்கு ரயிலேற வேண்டிய நிலை மாறியிருக்கிறது.

பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்குக் காலம், நேரம் கிடையாது. சென்னையில் அவர்களின் சொர்க்கமாக இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் அழிந்தது. அங்கிருந்த கடைகள் பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்கு நகர்ந்தன. திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிறு தோறும் விரிப்புகள் விரிகின்றன. குந்தி உட்கார்ந்து, அடுக்கைக் கலைத்து, விலையை முகத்தில் காட்டாமல் பேரம் பேசுவது ஒரு முழுக் காலைப் பொழுதின் இன்பம். அங்கே அதிர்ஷ்டம் இருந்தால் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் கிடைக்கும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மொழிபெயர்த்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மிகக் குறைந்த விலைக்கு ஊர் ஊராகக் கொண்டுபோன அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் சோவியத் ஒன்றியத்தோடு நின்றுபோயின. டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் தமிழ்க் கிராமங்களில் வீட்டு மனிதர்களானது அந்த விலையால்தான்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்கள் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருக்கும். அன்று படிக்கக் கூடாது என்பது வீடுகளின் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தீவிர வாசகருக்கு ஆண்டிலேயே நீண்ட நாள். மறுநாள் விஜயதசமியில் எடுக்கும் முதல் புத்தகம் எது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பவர்கள் உண்டு. அடுத்து தீபாவளி மலர்கள். ‘கலைமகள்’ (1932), ‘கல்கி’ (1941), ‘அமுதசுரபி’ (1948) போன்ற இதழ்களின் மலர்கள் ஓவியம், சிறுகதை, பயணக் கட்டுரை, ஆன்மிகம் எல்லாம் கலந்து கனமாக வரும். எண்ணெய்க் குளியலும் லேகியமும் முடிந்து, வெடிச் சத்தம் ஓய்ந்த பிற்பகலில் மலரைப் புரட்டுவது பண்டிகையின் ஒரு பகுதியாகவே இருந்தது. இன்று மலர்களின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. அப்போது கூடத்தில் எல்லாரும் ஒரே மலரைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் கூட்டு வாசிப்புக்கு ஈடான எதையும் தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிகள் தரவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய நாவல்கள் நகர்கின்றன. மின்சாரம் போகும், பேருந்து நிற்கும், வெளியே வேலை இருக்காது. டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய ‘போரும் வாழ்வும்’, எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘குற்றமும் தண்டனையும்’, ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ போன்றவற்றுக்கு விட்டுவிட்டுப் படிக்கும் அரைமணி நேரங்கள் போதாது. முதல் நூறு பக்கங்களாவது ஒரே மூச்சில் கடந்தால்தான் பாத்திரங்களின் பெயர்கள் மனத்தில் நிற்கும். சுக்குக் காப்பியும் வறுத்த கடலையும் அதற்கு நல்ல துணை.

மார்கழி மிக மெதுவான வாசிப்பைக் கற்றுத்தரும் மாதம். திருப்பாவையில் முப்பது பாசுரம், மாதத்தில் ஏறக்குறைய முப்பது நாள். விடியலில் நாளுக்கு ஒன்று. இருபது பாட்டுள்ள திருவெம்பாவையும் அப்படியே. ஒரே பாட்டை ஒரு நாள் முழுதும் மனத்தில் வைத்திருக்கும் இந்த முறை, வேகமாகப் படித்து எண்ணிக்கை சேர்க்கிறவர்களுக்குப் பெரிய மாற்று. சாகித்திய அகாதெமி விருதுகள் அறிவிக்கப்படுவதும் பெரும்பாலும் டிசம்பரில்தான். தமிழுக்கு முதல் விருது 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்ப’த்துக்கும், அடுத்தது கல்கி மறைந்தபின் அவரது ‘அலை ஓசை’க்கும் கிடைத்தன. அந்தப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து, ஆண்டுக்கு ஐந்தாறு நூல் என்று படித்துவருவது சீரான ஒரு திட்டம்.

மார்கழியின் கடைசி நாள் போகி. வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரியும் கலையும். படித்து முடித்த இதழ்கள், இரட்டைப் படிகள், கரையான் தொட்டவை எல்லாம் பிரிக்கப்படும். இந்த நாளில் அவசரம் கூடாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப்போன உ.வே. சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டுவிட்டோம் என்ற பதிலே கிடைத்தது. இன்று தீக்குப் பதிலாகப் பழைய பேப்பர் கடைத் தராசு இருக்கிறது. தாத்தாவின் பைண்டுத் தொடர்கள் கிலோக் கணக்கில் அங்கேதான் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து, இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையரின் ஞானாலயா, முதல் பதிப்புகளையும் பழைய சிற்றிதழ்களையும் கட்டிக்காக்கிறது. எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு கட்டையும் பிரித்து, அட்டையும் ஆண்டும் பார்த்து, வேறெங்கும் இல்லாதது எது என்று இத்தகைய நூலகங்களில் விசாரித்துக்கொள்ள ஒரு பகல் போதும்.